அங்கீகரிக்கப்பட்ட பிசிறு

கலை ஊக்குவிப்புத் துறை ஜாஸ் இசையை ஊக்குவிப்பது என்று தீர்மானிக்கும் வரைக்கும் அந்த நகரத்தில் ஜாஸ் இசை நன்றாகத்தான் இருந்தது. கேட்க ஆட்கள் கொஞ்சம் குறைவு. அதையும் யாரும் பெரிய குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

சனிக்கிழமை சாயங்காலங்களில் சலவைக்கடைக்குக் கீழே இருந்த நிலவறையில் வாசிப்பு நடக்கும். மேலே இயந்திரத்தில் துணியைப் போட்டுவிட்டு, அது துவைத்து முடிக்கும்வரை பொழுது போகாமல் படியிறங்கி வருகிறவர்கள்தான் ரசிகர்கள். பாதிப் பாட்டில் எழுந்து போய்த் துணியை உலரப் போட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள். மேலே இயந்திரம் வேகமெடுத்தால் கீழே டிரம்ஸும் வேகமெடுக்கும். டிரம்ஸ் வாசித்தவள் அதை வேண்டுமென்றே செய்தாள்.

குழுவில் இருந்த அக்கா தங்கை இருவரில் அவள் தங்கை. பகலில் கால்நடை மருத்துவமனையில், ஊசி போடும்போது நாய் பூனைகளைப் பிடித்துக்கொள்ளும் வேலை. அக்காவுக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை, சாயங்காலம் சாக்ஸபோன். குழு அக்காவுடையது. டிரம்பெட் ஊதியவனை எல்லாரும் நெட்டையன் என்றார்கள். பியானோக்காரர் வெளிநாட்டிலிருந்து வந்து சேர்ந்தவர். அதிகம் பேசமாட்டார், அதனால் அவருக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது.

துறையின் அறிவிப்பு வந்தது. நகரத்தின் ஜாஸ் இசையைப் பேணிக் காத்து மேம்படுத்தும் பொருட்டு, அங்கீகாரம் பெறாத நிலவறைகள் அனைத்தும் பூட்டப்படும். அங்கீகாரம் வேண்டுவோர் 'பன்முக ஜாஸ் பெருவிழா'வுக்குத் தேர்வாக வேண்டும். தேர்வு செய்யத் துணை இயக்குநரே நேரில் வந்தார். நல்ல மனிதர். ஜாஸ் மேல் அவருக்கு எந்த விரோதமும் கிடையாது. அதற்கு முன்பு மீன்வளத் துறையில் இருந்தவர்.

ஒரு பாட்டை முழுக்கக் கேட்டுவிட்டுக் கேட்டார். "இது எப்ப முடியும்னு யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது சார்," என்றாள் அக்கா. "ஒரு மெட்டை எடுத்துக்குவோம். அதுலேர்ந்து அவங்கவங்க மனசு போற பக்கம் போயிட்டு, எல்லாரும் திரும்பி வந்து சேர்ந்தா முடிஞ்சுடும்."

"யாராவது வரலன்னா?"

"காத்திருப்போம்."

'பொறுப்பாளர் எவரும் இல்லை' என்று எழுதிக்கொண்டு அவர் நெட்டையனிடம் திரும்பினார். நெட்டையனின் நிறமும் சுருட்டை முடியும் அவருக்குப் பிடித்திருந்தன.

"நீங்க எங்கேர்ந்து வர்றீங்க?"

"பக்கத்துத் தெரு சார்."

"அதுக்கு முன்னாடி?"

"அதே தெரு. எதிர்வீடு."

"பூர்வீகம் கேட்கிறேன் தம்பி."

"தாத்தா கப்பல்ல வந்தாராம். எங்கேர்ந்துன்னு கடைசிவரைக்கும் சொல்லல. அங்க இன்னொரு குடும்பம் இருந்திருக்கும்னு பாட்டிக்குச் சந்தேகம்."

பியானோக்காரர் தொண்டையைச் செருமினார். "நான்தான் சார் வெளிநாடு. வந்து கொஞ்ச காலம்தான் ஆகுது."

துணை இயக்குநர் அவரை மேலும் கீழும் பார்த்தார். அவர் அச்சு அசலாகத் துணை இயக்குநரின் சொந்தக்காரர் மாதிரி இருந்தார். "பார்த்தா தெரியலையே. கடைசி வரிசைக்குத் தெரியணும்ல. நீங்க உள்ளூர்க்காரரா இருந்துடுங்க. தம்பி வெளிநாடு. துறையில இறகு வச்ச அங்கி ஒண்ணு இருக்கு, குடுத்தனுப்பறேன்."

"அது எந்த நாட்டு உடை சார்?" என்றான் நெட்டையன்.

"அது இன்னும் முடிவாகல."

பிறகு அவர் பெண்கள் பக்கம் பார்த்தார். "நீங்க ரெண்டு பேரும்?"

"அக்கா தங்கச்சி."

துணை இயக்குநர் பேனாவை மூடினார். "அது சிக்கல். பன்முகம்னு போட்டுட்டு ஒரே வீட்டுலேர்ந்து ரெண்டு பேரை மேடை ஏத்தினா கேள்வி வரும்."

"நாங்க ரெண்டு பேரும் எதுலயும் ஒத்துப்போனதில்ல சார்," என்றாள் தங்கை. "பன்முகம் வேணும்னா எங்க சமையலறைக்கு வந்து பாருங்க."

"அதெல்லாம் செல்லாதும்மா. உறவு எதுவும் இல்லன்னு ஒரு உறுதிமொழி எழுதிக் குடுத்துடுங்க. விழா வரைக்கும்தான்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா சுவர்களைப் பார்த்தாள். இந்த அறை போனால் ஊதுவதற்கு வேறு இடம் கிடையாது. வீட்டில் ஊதினால் மாடிக்காரர் தரையைத் தட்டுவார். கையெழுத்துப் போட்டாள்.

"ஒரு தாள்தானேடி," என்றாள் படியேறும்போது.

"ஆமாங்க," என்றாள் தங்கை.

அக்கா சிரித்தாள். தங்கை சிரிக்கவில்லை.

அடுத்து வந்தது ஆணை. மேடையில் தன்னியல்பாக வாசிக்கப்படவிருக்கும் பகுதிகளை விழாவுக்கு முன்னதாக எழுத்துவடிவில் சமர்ப்பித்து ஒப்புதல் பெற வேண்டும். அக்கா அலுவலகத்துக்கு ஓடினாள்.

"சார், அது அந்த நேரத்துல தோணறது."

"தோணட்டும். யாரு வேண்டாம்னா? என்ன தோணப்போகுதுன்னு முன்னாடியே சொல்லிடுங்க. ஒரு நாலு பேர் மேடையில என்ன செய்யப்போறாங்கன்னு தெரியாம ஒரு துறை எப்படிம்மா முன் வரிசையில உட்காரும்?"

அது நியாயமாகத்தான் பட்டது. அடுத்த சனிக்கிழமை வாசித்ததைப் பதிவு செய்து, பியானோக்காரரை எழுதச் சொன்னார்கள். அன்றைக்குப் பார்த்துத் தங்கையின் விரலைப் பூனை கடித்திருந்தது. கட்டுப் போட்ட விரலிலிருந்து குச்சி நழுவித் தரையில் விழுந்தது. அந்தச் சத்தத்தில் திடுக்கிட்டு அக்காவின் சாக்ஸபோன் பிசிறு தட்டியது. பியானோக்காரர் நேர்மையானவர். குச்சி விழுந்ததையும் எழுதினார், பிசிறையும் எழுதினார். துறை முத்திரை குத்தி அனுப்பியது.

"சார், அது தப்பு. எடுத்துடலாம்," என்றாள் அக்கா.

"தப்பா இருக்கலாம். ஆனா அது அங்கீகரிக்கப்பட்ட தப்பு. எடுத்தா மறுபடி முதல்லேர்ந்து வரணும்."

ஆக, பிசிறு தட்டப் பயிற்சி நடந்தது. வராமல் இருக்க வருஷக்கணக்கில் பாடுபட்ட பிசிறு, கூப்பிட்டால் வரமாட்டேன் என்றது. குச்சியை வேண்டுமென்றே போட்டால் வேண்டுமென்றே போட்ட மாதிரியே விழுந்தது. தங்கை வேலைக்குப் போகும் வழியெல்லாம் குச்சியைப் போட்டுப் போட்டு எடுத்தாள். பின்னால் வந்த ஒரு பெரியவர் பாவப்பட்டு எடுத்துக்கொடுத்துக்கொண்டே வந்தார்.

விழா நடந்தது. துணை இயக்குநர் முன் வரிசையில் தாளை விரித்து, விரலால் வரியைத் தொடர்ந்துகொண்டே கேட்டார். விரல் அந்த இடத்துக்கு வந்தபோது குச்சி விழுந்தது. சாக்ஸபோன் பிசிறியது. அரங்கமே எழுந்து நின்றது.

மறுநாள் பத்திரிகையில் விமர்சகர் எழுதினார். அந்தக் கணத்தில் பிறந்து அந்தக் கணத்திலேயே மடிந்த இசை அது என்றார். டிரம்பெட்டில் கடல் கடந்தவனின் துயரம் கசிந்தது என்றார். நெட்டையனின் அம்மா அதைப் படித்துவிட்டு, "உனக்கு என்னடா துயரம், வீட்டுல சொல்லவே இல்லையே?" என்று கேட்டாள்.

நிலவறைக்கு அங்கீகாரம் கிடைத்தது. பலகை மாட்டினார்கள். இசைக்கு இடைஞ்சல் என்று சனிக்கிழமைகளில் மேலே இயந்திரங்களை நிறுத்திவைத்தார்கள். துவைக்கத் துணி இல்லாத ஜனம் வரத் தொடங்கியது. வட்டத் தொப்பி, முழுக்கறுப்பு உடை. கண்ணை மூடிக்கொண்டு, தாளத்துக்குக் கொஞ்சம் பிந்தித் தலையாட்டுவது அந்தப் பருவத்தின் நாகரிகம். பழைய ரசிகர்களுக்கு உட்கார இடமில்லை. நகரத்தின் மற்றக் குழுக்களும் குச்சியைக் கீழே போட ஆரம்பித்தன.

ஒருநாள் அக்கா வேறொன்றை வாசித்துப் பார்த்தாள். ஒரு தொப்பிக்காரர் மரியாதையாக எழுந்தார். "இது ஜாஸ் மாதிரி இல்லையே."

"ஏன் சார்?"

"இதுக்கு முன்னாடி கேட்ட மாதிரி இல்ல."

அவள் பழையதையே வாசித்தாள். வாரா வாரம் வாசித்தாள். இப்போதெல்லாம் பிசிறு அழகாக, நினைத்த இடத்தில் வந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

ஒரு சனிக்கிழமை தங்கை குச்சியைப் போடவில்லை. தாளம் ஓடிக்கொண்டே இருந்தது. அக்கா மட்டும் தனியாகப் பிசிறினாள். அது வெறும் தப்பாகக் கேட்டது. கூட்டம் கை தட்டாமல் கலைந்தது.

"ஏன்டி குச்சியைப் போடல?"

"நழுவல."

"நழுவலன்னா, நழுவ விடணும். அப்படித்தானே எழுதியிருக்கு?"

"அக்கா, நீ பேசறது உனக்குக் கேட்குதா?"

"எனக்குக் கேட்கிறது இருக்கட்டும். வந்தவங்களுக்குக் கேட்கல. நாளைக்கு அறையைப் பூட்டினா யாரு பதில் சொல்றது?"

"உறவு இல்லாத யாரையாவது கேளு," என்று சொல்லிவிட்டுத் தங்கை டிரம்ஸைக் கழற்றிக் கட்டினாள். பியானோக்காரர் மூடியைச் சாத்தினார். "எங்க நாட்டுலயும் இப்படித்தான் ஆரம்பிச்சுது," என்றார். அவர் அவ்வளவு நீளமாகப் பேசியதே அபூர்வம். இருவரும் போய்விட்டார்கள். நெட்டையன் மட்டும் இருந்தான். அங்கி அவனுக்குப் பழகிவிட்டது. தான் எங்கிருந்து வந்தோம் என்பதில் அவனுக்கே இப்போது ஓர் ஆர்வம் வந்திருந்தது.

துறை புதிய ஆட்களை அனுப்பியது. புது டிரம்ஸ்காரனின் குச்சி ஒருநாளும் பிந்தி விழுந்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் அக்கா பேருந்து நிலையம் வழியாக நடந்தபோது சத்தம் கேட்டது. நிழற்கூரையின் கீழே டிரம்ஸுடன் தங்கை. பக்கத்தில் மடியில் வைக்கிற சின்னக் கீபோர்டுடன் பியானோக்காரர். பேருந்துக் கதவுகள் புஸ்ஸென்று திறக்க, அந்தப் புஸ்ஸைப் பிடித்துக்கொண்டு தங்கையின் கை எங்கோ போனது. தொலைந்துவிட்டாள் என்று தோன்றிய இடத்தில் பியானோக்காரர் ஒற்றைச் சுரத்தைத் தட்டிக்கொண்டு அவளுக்காகக் காத்திருந்தார். ஒரு பேருந்து கிளம்பியது. அதன் இரைச்சல் மேலேயே ஏறி அவள் திரும்பி வந்துவிட்டாள்.

சின்ன வயதில் சாப்பாட்டு மேஜையைக் கரண்டியால் தட்டி அடி வாங்கியவள் இவள். இவ்வளவு நன்றாக இவள் வாசித்து அக்கா கேட்டதில்லை. கண் கலங்கியது.

சுற்றி நல்ல கூட்டம். எல்லாரும் அசையாமல் நின்றார்கள். பல பேர் கண்களும் கலங்கித்தான் இருந்தன. பாட்டு முடிந்தது. யாரும் கை தட்டவில்லை.

பக்கத்தில் துணி மூட்டையோடு நின்ற ஒருவர் மெல்ல அவள் பக்கம் சாய்ந்தார். "அம்மா, உங்களைத் துறை விழாவுல பார்த்திருக்கேன். இது நல்லாத்தானே இருக்கு? நீங்க சொல்லிட்டா தட்டிடலாம்."

அக்காவின் இரண்டு கைகளும் ஏற்கெனவே பாதி உயர்ந்திருந்தன. அவற்றை அப்படியே நிறுத்திவைத்துக்கொண்டு, முதலில் யார் தட்டுகிறார்கள் என்று அவளும் சுற்றிலும் பார்த்தாள்.