தொப்பிக்கு உள்பக்கம் என்ன நிறம்

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நாங்கள் இருவரும் நலம். உங்கள் மகளும் உடம்பளவில் நலம். அண்ணியின் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். குறைந்திருந்தாலும் இதை அவர் பக்கத்தில் இல்லாதபோது படியுங்கள். எனக்கு வளவளவென்று எழுதிப் பழக்கமில்லை. போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் போனில் நீங்கள் பேசுவீர்கள், நான் கேட்பேன். எனக்கு ஐம்பதாகப் போகிறது, அது மட்டும் மாறவில்லை.

சின்ன வயதிலேயே வெளிநாட்டில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டால் எம்.பி.ஏ. கல்லூரிக்காரர்கள் வாசலுக்கே வந்து அழைத்துப் போவார்கள் என்று உங்களுக்கு யாரோ சொல்ல, நீங்கள் அவளை என்னிடம் அனுப்பிவைத்தீர்கள். அனுபவம் என்ன இங்கே மட்டும் விளைகிற சரக்கா என்று நான் அப்போதே கேட்டேன். "நீ எப்பவுமே இப்படித்தான்" என்றீர்கள். ஆமாம், நான் எப்போதும் இப்படித்தான். போகட்டும். அவள் பார்ப்பது நீங்கள் சொந்தக்காரர்களிடம் சொல்லிவருகிற "போக்குவரத்து நிர்வாகம்" அல்ல. பஸ்ஸில் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகிற சாமான்களைத் திருப்பிக் கொடுக்கிற கவுன்டர். பஸ் டெப்போவின் பின்பக்கம், பழைய டயர்களைத் தாண்டி ஓர் அறை. சுவர் முழுக்கத் தட்டுகள். அவற்றில் குடைகள், சாப்பாட்டு டப்பாக்கள், ஒற்றைச் செருப்புகள், ஓர் ஊன்றுகோல். அதை விட்டுவிட்டு அந்த மனிதர் எப்படி இறங்கி நடந்து போனார் என்று இன்றுவரை யாருக்கும் புரியவில்லை. அந்த அறைக்குப் பொறுப்பான அம்மாவை டெப்போவில் எல்லோரும் 'பூட்டு' என்பார்கள், வாயைத் திறக்கமாட்டார் என்பதால்.

அந்த அறைக்கு ஒரே சட்டம். சாமானைக் கண்ணில் காட்டக் கூடாது. வெளியே பார்த்தால் தெரியாத ஓர் அடையாளத்தை வந்தவர் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகுதான் எடுத்துத் தர வேண்டும். உங்கள் மகளுக்கு இது பத்தாம்பசலித்தனமாகப் பட்டது. விண்ணப்பத்தில் "நான் முன்னின்று செய்த மாற்றம்" என்று ஒரு கட்டுரை கேட்கிறார்களாமே, பூட்டு லீவில் போன அன்று இவள் அந்த மாற்றத்தைச் செய்துவிட்டாள். குடைகளையெல்லாம் படம் பிடித்து இணையத்தில் போட்டாள். மத்தியானத்துக்குள் டயர் வரைக்கும் கூட்டம். "கைப்பிடி வளைஞ்சிருக்கும் பாரும்மா, அதேதான்", "என்னோடது பூப்போட்டது, நல்லாத் தேடு" என்று படத்தைப் பார்த்து ஒப்பித்தே ஆளாளுக்கு வாங்கிப் போய்விட்டார்கள். சாயங்காலம் அவள் உங்களுக்குப் போன் பண்ணி, "அப்பா, வருஷக்கணக்கா தேங்கிக் கிடந்ததை ஒரே நாள்ல காலி பண்ணிட்டேன்" என்றாளாம். நீங்களும் அதைச் சம்பந்தி வீடு வரைக்கும் சொல்லி முடித்துவிட்டீர்கள். அண்ணா, அது விற்பனை இல்லை.

மறுநாள் மழை. குடையைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். ஒரு தையல்காரர் சொட்டச் சொட்ட நின்று, "கம்பில சிவப்பு நூல் சுத்தியிருக்கும், எம்பொண்ணு சுத்தினது" என்றாராம். அது முந்தின நாளே யாரோடோ போய்விட்டிருந்தது. அதற்குப் பரிகாரமாக என் குடையைக் கொண்டுபோய் அவருக்குக் கொடுத்தாள். அடுத்த நாள் என் வீட்டுக்காரருடைய குடை இன்னொருவருக்குப் போயிற்று. அதற்கடுத்து, விருந்தாளிக்கென்று கதவுக்குப் பின்னால் வைத்திருந்தது. இப்போது தூறல் போட்டால் நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொரு பிளாஸ்டிக் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கிளம்புகிறோம். காலேஜில் பாடம் நடத்துகிறவள் என்று அக்கம்பக்கத்தில் எனக்கிருந்த கொஞ்ச நஞ்ச மரியாதையும் போயே போச்சு.

பூட்டு திரும்பி வந்து காலித் தட்டைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "இனிமே கேக்காம எதையும் கொடுக்காதே" என்று ஒரே வார்த்தை. அது இவள் மண்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. போன வாரம் இவர் பஸ்ஸில் தொப்பியை விட்டுவிட்டு அந்தக் கவுன்டரில் போய் நின்றார். தினமும் காலையில் அவள் கண்ணெதிரே இவர் தலையில் ஏறுகிற அதே தொப்பி.

"அடையாளம் சொல்லுங்க" என்றாளாம்.

"என்னம்மா, நான்தான், மாமா."

"அது தெரியும். தொப்பிக்கு உள்பக்கம் என்ன நிறம்?"

"தலையில போட்டுக்கற தொப்பிக்குள்ள நான் எதுக்கும்மா எட்டிப் பாக்கறேன்?"

"தெரியலைன்னா தர முடியாது மாமா. அடுத்தவங்க வாங்க."

வரிசையில் நின்ற ஒருவர், "சார், வீட்ல கேட்டுட்டு வந்துடுங்க" என்று யோசனை வேறு சொல்லியிருக்கிறார். இவரும் வெறும் மண்டையோடு வெயிலில் நடந்து வந்து என்னைக் கேட்டார். எனக்கும் தெரியவில்லை. இத்தனை வருஷம் குடும்பம் நடத்தி என்ன பிரயோசனம்.

இந்த நிலைமையில்தான் நீங்கள் அனுப்பிய சிபாரிசுக் கடிதம் வந்து சேர்ந்தது. பூட்டு எழுத வேண்டியதை நீங்களே எழுதிவிட்டீர்கள். அவர் கையெழுத்து இல்லாமல் விண்ணப்பம் போகாது, வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்பதால், பிடிக்காவிட்டாலும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நிதானமாகப் படித்தார். "நாப்பது பேரைத் தலைமை தாங்கி நடத்தினாள்னு போட்டிருக்கே. நாப்பது பேரும் எங்க உக்காருவாங்க?" என்றார். அந்த அறையில் இருப்பது இரண்டு நாற்காலி. நான் ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டு நின்றேன். கையெழுத்து விழவில்லை.

அதனால் அண்ணா, அவளை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். டிக்கெட் எடுத்துவிடுங்கள். குளியலறையில் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுகிறாள். தண்ணீர்ச் சத்தம் நிற்கிறவரை நான் கூடத்தில் மடித்த துணியையே மறுபடி மடித்துக்கொண்டிருக்கிறேன். தங்கமான பெண். ஆனால் இது அவளுக்கு வராது. ஒன்று, வாரிக் கொடுக்கிறாள். இல்லாவிட்டால் கல்லாக நிற்கிறாள். கம்பெனி நடத்தப் போகிறவளுக்கு இரண்டுக்கும் நடுவில் ஏதாவது வேண்டாமா? ஊருக்கு வந்தால் திட்டாதீர்கள். நான் இப்படி எழுதினேன் என்றும் அவளிடம் மூச்சு விட வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. உங்கள் ரத்தக்கொதிப்பு மாத்திரையை மறக்காதீர்கள், இதைப் படிக்கிற அன்றாவது. குழந்தைக்கு எங்கள் ஆசி எப்போதும் உண்டு, குடைதான் இல்லை.

இப்படிக்கு,
உங்கள் தங்கை

பின்குறிப்பு: மேலே உள்ளதை உறையில் போட்டு, முகவரியைத் தபால் நிலையத்தில் எழுதிக்கொள்ளலாம் என்று பஸ் ஏறினேன். இறங்கும்போது கைப்பையை எடுத்தேன், உறையை எடுக்கவில்லை. பிறகு எங்கே போய் நின்றிருப்பேன் என்று நீங்களே ஊகிக்கலாம். கவுன்டரில் உங்கள் மகள். எனக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர்.

"வெள்ளை உறை" என்றேன்.

"வெள்ளை உறை நிறைய வரும் அத்தை. உள்ள என்ன?"

"கடிதம்."

"கடிதத்துல என்ன?"

மனசில் இருப்பதைச் சத்தமாகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை, உங்களுக்குத் தெரியும். "ஒரு பொண்ணை ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டுக்கச் சொல்லி, அவ அப்பாவுக்கு" என்றேன்.

"காரணம்?"

"இந்த வேலை அவளுக்கு வராதுன்னு."

உறையைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். காது நுனி சிவந்தது. அப்படி ஒன்று வரவேயில்லை என்று கையை விரித்திருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள். அவள் அதைப் பழையபடி மடித்தாள், முத்திரை குத்தினாள். "சரியா இருக்கு அத்தை. கையெழுத்துப் போட்டு வாங்கிக்கங்க" என்றாள். அவள் குரல் நடுங்கவில்லை. நான்தான் கையெழுத்தை வேறு யாருடைய கட்டத்திலோ போட்டுவைத்தேன். உறையில் இருக்கிற ஊதா முத்திரை அதுதான்.

பூட்டு உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "சிபாரிசை நாளைக்குக் கொண்டாங்க. அந்த நாப்பது பேரை அடிச்சுட்டு, இப்ப இவ செஞ்சதை எழுதித் தரேன்" என்றார். எழுதியும் தந்தார். விண்ணப்பம் நேற்றுப் போய்விட்டது. ஆகவே டிக்கெட் எடுக்காதீர்கள். மேலே எழுதியதைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். "வேண்டாம் அத்தை, முத்திரை விழுந்தாச்சு, சேர வேண்டியவங்களுக்குச் சேரட்டும்" என்கிறாள்.

கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. தொப்பி மட்டும் இன்னும் அங்கேதான் இருக்கிறது. இவர் தினமும் போய் ஒரு நிறம் சொல்லிப் பார்க்கிறார். நேற்றுப் பச்சை என்றார். பச்சை இல்லையாம்.