ஹெட் நர்ஸுக்கு ஒரு ஸ்போர்ட்ஸ் கார்

"உட்கார்ந்து பாருங்க சார். உங்களுக்காகவே செஞ்ச மாதிரி இருக்கும்" என்று டை கட்டிய விற்பனையாளன் சிவப்பு ஸ்போர்ட்ஸ் காரின் சாவியை இரண்டு கைகளாலும் நீட்டினான். வாங்க வந்த ஹெட் நர்ஸிடம் அல்ல. துணைக்கு வந்த அவருடைய கணவரிடம்.

கணவர் சுடு பாத்திரத்தைத் தொட்டவர் போல் கையை இழுத்துக்கொண்டார். "எனக்கு ஓட்டத் தெரியாதுங்க. வண்டி இவங்களுக்குத்தான்."

"அதுக்கென்ன சார், ஒரே மாசத்துல கத்துக்கலாம். நாங்களே சொல்லித் தர்றோம்."

ஹெட் நர்ஸுக்கு மூக்கு விடைத்தது. முப்பத்தோரு வருஷம் அறுவை சிகிச்சை வார்டை ஆண்டுவிட்டு இரண்டு மாதத்துக்கு முன்புதான் ஓய்வு பெற்றிருந்தார். வார்டில் அவருக்கு 'சைரன்' என்று பெயர். அவர் குரல் கேட்டால் மயக்க ஊசி போட்ட நோயாளிகூட நேராகப் படுப்பான் என்பார்கள். இருபத்தாறு வருஷமாக வீட்டு வண்டியை ஓட்டுவதும் அவர்தான். அதன் பின்சீட்டில் எப்போதும் யாராவது இருந்தார்கள். பள்ளிக்குப் போகும் பிள்ளைகள், டாக்டரிடம் போகும் மாமியார், கடைக்குப் போகும் நாத்தனார். அத்தனை பேரும் வழி சொன்னார்கள். ஒருத்தர்கூட வழி தெரிந்து சொல்லவில்லை. ஆகவே ஓய்வு பெற்ற அன்றே முடிவு செய்துவிட்டார், இனி வாங்கும் வண்டியில் பின்சீட்டே இருக்கக் கூடாது என்று.

"தம்பி, வண்டி எனக்கு. பேசறது என்கிட்ட."

"கண்டிப்பா மேடம்" என்று பணிவாகச் சொல்லிவிட்டு, டைக்காரன் கணவர் பக்கம் திரும்பினான். "சார், பழைய கிளாசிக் வண்டியா, புது மாடலான்னு எல்லாருமே குழம்புவாங்க. அது உங்க வாழ்க்கை முறையைப் பொறுத்தது. பன்னிரண்டே கேள்வி. வாரக் கடைசியில என்ன பண்ணுவீங்க?"

"தூங்குவேன்."

"சாகசம் பிடிக்குமா சார்?"

கணவர் யோசித்தார். அவர் வரலாற்று ஆசிரியர். கேள்வி என்று ஒன்று வந்தால் பதில் சொல்லாமல் இருக்க முடியாதவர். "ஒரு தடவை தனியா ரயில் ஏறியிருக்கேன். துணைக்கு வர்றேன்னவர் வரல."

பன்னிரண்டு கேள்விக்கும் இந்த லட்சணத்தில் பதில் போனது. டைக்காரன் கம்ப்யூட்டரைத் தட்டினான். உங்கள் வாழ்க்கை முறைக்கு உகந்தது என்று அது காட்டியது, ஏழு பேர் உட்காரும் குடும்ப வேன்.

"பின்னாடி ரெண்டு வரிசை சீட்டு சார்!" என்றான் பெருமையாக.

ஹெட் நர்ஸ் கணவரின் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துவந்தார்.

"அவன் கேட்டா நீங்க ஏன் பதில் சொல்றீங்க?"

"பாவம், மரியாதையா கேட்டான்."

"அந்த மரியாதைதான் எனக்குப் பத்திக்கிட்டு வருது!"

மறுநாள் கணவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார்.

"வாங்க மேடம். சார் பின்னாடி வர்றாரா?"

"வரல."

"அப்ப நாளைக்கு ரெண்டு பேரும் சேர்ந்தே வாங்களேன். சார் இன்னொரு தடவை பார்த்துட்டா நமக்கும் திருப்தி."

"இஞ்சினைக் காட்டு."

டைக்காரன் கதவைத் திறந்து, முன்கண்ணாடிக்கு மேலிருந்த வெயில் மறைப்பை இறக்கினான். அதற்குள் ஒரு சின்ன முகக்கண்ணாடி. "இதைத் திறந்தா லைட் எரியும் மேடம். லேடீஸுக்கு ரொம்பப் பிடிக்கும்."

சைரன் ஒலித்தது. ஷோரூமின் மறுகோடியில் வண்டி துடைத்துக்கொண்டிருந்தவர்கள் துணியைக் கீழே போட்டார்கள்.

நேரில் போனால்தானே ஆளைப் பார்த்துக் கதை கட்டுகிறான் என்று, அடுத்த முறை ஹெட் நர்ஸ் தொலைபேசியில் கூப்பிட்டார். "அந்தச் சிவப்பு வண்டியை நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஓட்டிப் பார்க்கணும். என்ன குதிரைத்திறன், எத்தனை நொடியில நூறைத் தொடும், எல்லா விவரமும் எடுத்து வை."

"கண்டிப்பா சார்! உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவங்க வர்றதே எங்களுக்குப் பெருமை சார்!"

வார்டில் கத்திக் கத்திக் குரல் கனத்துப்போயிருந்தது. விவரமாவது கிடைக்கட்டும் என்று ஹெட் நர்ஸ் பல்லைக் கடித்துக்கொண்டு திருத்தாமல் விட்டார்.

மறுநாள் பத்து மணிக்கு வண்டி வாசலில் பளபளவென்று நின்றது. டைக்காரன் கையில் பூச்செண்டு.

"மேடம், இப்ப ஒரு பெரிய கஸ்டமர் வர்றாரு. நீங்க கொஞ்சம் அந்தப் பக்கம் உட்காருங்களேன்."

"அந்தப் பெரிய கஸ்டமர் நான்தான்."

டைக்காரன் சிரித்தான். பிறகு குரலை அடையாளம் கண்டுகொண்டான். சிரிப்பு பாதியில் நின்றது.

ஹெட் நர்ஸ் ஏறி உட்கார்ந்து ஓட்டினார். சந்தையை ஒட்டிய சந்தில், லாரிக்கும் சுவருக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல் வண்டியை நுழைத்து எடுத்தார். மேம்பாலத்து வளைவில் டைக்காரன் கண்ணை மூடிக்கொண்டான். திறந்தபோது வளைவு முடிந்திருந்தது. ஆனால் வண்டி சும்மா வரவில்லை. சுவர் பக்கம் போனால் கீச்சென்று கத்தியது. சாலையின் வெள்ளைக் கோட்டைத் தொட்டால் ஸ்டியரிங்கைத் தானே பிடித்து இழுத்தது. இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள், 'களைப்பாக இருக்கிறீர்கள், சற்று இளைப்பாறுங்கள்' என்று திரையில் எழுதிக் காட்டியது. பின்சீட்டு இல்லாத வண்டியிலும் நாத்தனார் எப்படியோ ஏறிவிட்டதாக ஹெட் நர்ஸுக்குத் தோன்றியது.

ஷோரூம் வாசலில் இறங்கியதும் டைக்காரன் வியர்வையைத் துடைத்துக்கொண்டு மனசாரச் சொன்னான்: "பிரமாதம் மேடம்! சார் உங்களுக்கு எவ்வளவு நல்லா ஓட்டச் சொல்லிக் குடுத்திருக்காரு!"

ஹெட் நர்ஸ் பூச்செண்டை வாங்கி, அவன் சட்டைப் பையிலேயே செருகிவிட்டு வந்தார்.

"புது வண்டியே வேண்டாம்!" என்று வீட்டுக்குள் நுழையும்போதே கூவினார். "முப்பத்தோரு வருஷம் டாக்டருங்க திருத்தினாங்க. இனிமே ஒரு ஸ்டியரிங் என்னைத் திருத்தணுமா? நான் கிளாசிக்தான் வாங்கப்போறேன். அதுக்கு வாய் கிடையாது."

"பழசுன்னா நடுவழியில நின்னுடுமே?" என்றார் கணவர்.

"நிக்கட்டும். புத்தி சொல்லாம நிக்கும்."

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பிரித்துப் புதுப்பித்து விற்கும் ஷெட் ஒன்று ஊர்க்கோடியில் இருந்தது. சனிக்கிழமை மத்தியானம் இருவரும் போனார்கள். கணவர் வீட்டு வண்டியை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு.

ஷெட் வாசலில் குழாயடியில் ஒரு பெண் முழங்கை வரை சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கு, நகக்கண் எதையும் விடவில்லை. ஹெட் நர்ஸுக்குப் பார்த்ததுமே பிடித்துப்போனது.

"வாங்கம்மா. என்ன வண்டி பார்க்கறீங்க?" என்றாள் அவள்.

"நீ கழுவும்மா, நான் உள்ள கேட்டுக்கறேன்" என்று சிரித்துவிட்டு ஹெட் நர்ஸ் உள்ளே போனார்.

மேஜைக்குப் பின்னால் முறுக்கு மீசையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கரும்பச்சை நிறத்தில் ஒரு வண்டி. வட்ட விளக்குகள், மரத்தில் செய்த ஸ்டியரிங், துணிக் கூரை, இரண்டே இருக்கைகள். திரை என்று எதுவும் இல்லை. ஹெட் நர்ஸுக்கு நெஞ்சு ஒரு துள்ளுத் துள்ளியது.

"வண்டி எனக்குத்தான். ஓட்டப்போறதும் நான்தான்" என்றார் முன்ஜாக்கிரதையாக.

"சரிங்கம்மா" என்று மீசைக்காரர் எழுந்து நின்றார்.

சார் எங்கே என்று கேட்கவில்லை! ஹெட் நர்ஸ் குளிர்ந்துபோனார்.

"இஞ்சினை முழுசா பிரிச்சுக் கட்டினதா?"

"ஆமாங்க. ஆனா எனக்கு அவ்வளவா..."

"ரொம்ப அடக்கமா பேசறீங்க. கார்புரேட்டர்?"

மீசைக்காரர் வாசலைப் பார்த்தார். கையைத் துடைத்துக்கொண்டே அந்தப் பெண் உள்ளே வந்தாள். "கார்புரேட்டர் ரெண்டும் புதுசும்மா. கிளட்ச் மட்டும் கொஞ்சம்..."

"நீ இரும்மா, அவர் சொல்லட்டும். குடிக்கத் தண்ணி இருந்தா குடேன்."

அவள் ஒரு கணம் ஹெட் நர்ஸையே பார்த்தாள். பிறகு போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"கிளட்ச் எப்படி?" என்று ஹெட் நர்ஸ் மீசைக்காரரைக் கேட்டார்.

"கொஞ்சம்..." என்றார் அவர்.

"இறுக்கமா?"

"இருக்கும்ங்க."

"பழகிடும். உங்களைப் பார்த்த பிறகுதான் எனக்கு மனசு ஆறிச்சு. அங்க ஒருத்தன் இருக்கான். மூணு தடவை போனேன். வாங்கறது யாரு, ஓட்டறது யாருன்னு வாய் விட்டு ஒரு வார்த்தை கேட்கல. ஆளைப் பார்த்ததுமே இவருதான் எல்லாம், இவ சும்மா கூட வந்தவன்னு அவனா முடிவு கட்டிட்டான். கேட்டா வாயில இருக்கற முத்தா உதிர்ந்துடும்?" ஹெட் நர்ஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தார். "இந்த வண்டியை நான் எடுத்துக்கறேன். காகிதத்துல உங்க கையெழுத்தைப் போடுங்க."

மீசைக்காரர் தவிப்போடு சிரித்தார். அந்தப் பெண் மேஜை இழுப்பறையைத் திறந்து, காகிதத்தை எடுத்து, பேனா மூடியைக் கழற்றினாள்.

"கையெழுத்து நான்தாம்மா போடணும். ஷெட்டும் என்னுது, அந்த இஞ்சினைக் கட்டினதும் நான். அவரு எங்க வீட்டுக்காரரு, எனக்குச் சாப்பாடு கொண்டாந்துட்டு டப்பாவுக்காக உட்கார்ந்திருக்காரு."