கார்ட்டூன் ஆயத்தக்காரர்

ஆயத்தக்காரர் என்றொரு இனம் நம்மிடையே வாழ்கிறது. இவரைச் சோம்பேறி என்று யாரும் சொல்லிவிட முடியாது. வேலைக்கு ஆயத்தம் செய்வதில் இவரைப்போல் உழைப்பவர் இல்லை. புளியந்தீவில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் ஜசிந்தன் இந்த இனத்தில் முதல்தரம். அவருக்குக் கார்ட்டூன் படம் செய்ய ஆசை. அப்படி ஓர் ஆசை வந்தால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? ஒரு தாளை எடுத்துக் கிறுக்குவோம். ஜசிந்தன் புத்தகம் தேடினார்.

அதுவும் இந்தக் காலத்துப் புத்தகமல்ல. சினிமா பேசத் தொடங்கிய நாட்களில் வந்த, பூனைக்கும் பசுவுக்கும் ரப்பர் குழாய்போலக் கைகால் வளைகிற, 'முதலில் ஒரு வட்டம் வரைக' என்று ஆரம்பிக்கிற ஆதி வழிகாட்டி நூல்களைக் கொழும்பு நடைபாதைக் கடைகளில் கிண்டியெடுத்து, கிடைக்காதவற்றை இணையத்தில் பிடித்து அச்சிட்டு, தடித்த அட்டை போட்டு, ஒன்று சொன்னதை மற்றொன்று மறுக்கும் இடங்களில் சிவப்பு மையால் கோடிட்டு, கடைக்கு வருகிறவர்களின் கண்ணைச் சோதிக்கும்போதும் அதையே பேசினார்.

வட்டம்? அதை இன்னும் போடவில்லை.

"நடக்கிற மனுசன்ட பாரம் எந்தக் காலில இரிக்கெண்டு தெரியாமக் கோடு போடப்படாது," என்பார். எதிரே ஒற்றைக் கண்ணைப் பொத்திக்கொண்டிருப்பவர் தலையாட்டாமல் வேறென்ன செய்வார்?

அவருடைய மனைவி மேர்லின் கத்தோலிக்கக் கோயிலில் மறைக்கல்வி ஆசிரியை. மார்கழி பிறந்ததும் ஒருநாள் சாவகாசமாகச் சொன்னார்:

"இஞ்ச பாருங்க, பிள்ளையளுக்குச் சொல்லிப்போட்டன். கிறிஸ்மஸ் ஒளிவிழாவில உங்கட கார்ட்டூன், மீன் விழுங்கின யோனாட கதை."

"தண்ணி அசையிற அத்தியாயம் இன்னும் முடியல்ல, மேர்லின்."

"தண்ணி வேணாம். மீன் போதும்."

இனித் தப்ப வழியில்லை. தாளுக்கு அடியில் வெளிச்சம் வேண்டும் என்று எல்லா நூல்களும் ஒருமுகமாகச் சொன்னதால், வீட்டுச் சோக்கேஸின் கண்ணாடித் தட்டைக் கழற்றினார். கோப்பைகள் கட்டிலுக்குக் குடிபெயர்ந்தன. பென்சிலை எடுத்தார். ஒரு மீனை வரைந்தார்.

"நல்ல கத்தரிக்காய்," என்றார் மேர்லின், முதல் மீனைப் பார்த்து.

ஜசிந்தனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அதன்பின் புத்தகம் திறக்கப்படவில்லை. கத்தரிக்காய்க்குச் செதில் முளைத்தது. தாளுக்குத் தாள் வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. யோனா தலைகீழாக உள்ளே போனார். ஆனால் மீன் அவரைக் கரையில் கக்க வேண்டிய மிச்சக் கதையை வரைவதற்குள் ஒளிவிழா வந்துவிட்டது.

"யோனாவை வயித்துக்குள்ள விட்டிட்டு எப்பிடிப் போறது? அடுத்த வருசம் பாப்பம்," என்றார்.

மேர்லினோ அதற்குள் தாள்களை ஒவ்வொன்றாகத் தொலைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்தில் திரை ஒளிர்ந்தது. மீன் வந்தது, வாயைப் பிளந்தது, விழுங்கியது. பிள்ளைகள் மூச்சுவிடவில்லை. ஜசிந்தன் கண்ணை மூடிக்கொண்டார். திடீரென்று ஒரே சிரிப்பு. கண்ணைத் திறந்தால், மீனின் வாயிலிருந்து யோனா கால் முன்னே தலை பின்னே வெளிவந்துகொண்டிருந்தார்.

"இது எப்பிடிச் செய்த நீங்க?" என்று கேட்டார் பாதர். ஜசிந்தன் மனைவியைப் பார்த்தார்.

"விழுங்கினதைக் கடைசித் தாளிலயிருந்து திருப்பி ஓட்டினன், பாதர்," என்றார் மேர்லின்.

"இன்னொருக்காப் போடுங்க, அங்கிள்," என்று முன்வரிசைச் சிறுமி சர்மிலா கேட்க, மண்டபமே கேட்டது. தன் கோடுகள் ஓடுவதைக் கண்குளிரக் கண்ட அந்த மனிதர், சுவரோரம் நின்று மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். கண்ணாடியில் ஒன்றுமில்லை.

வாவியோரமாக வீட்டுக்கு நடக்கையில் மேர்லின் கேட்டார்: "அப்ப, அடுத்த படம்?"

"செய்யத்தான் வேணும். அதுக்கு முதல், திருப்பி ஓட்டுறதப் பத்தி ஆராவது எழுதியிரிக்காங்களா எண்டு பாக்கோணும்."

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் இந்த இனத்துக்குக் கார்ட்டூன்தான் வேண்டும் என்றில்லை. தோட்டம், சமையல், நாவல், உடற்பயிற்சி, எதிலும் செழித்து வளரும். அது சரி, நீங்கள் இன்று தொடங்க இருந்த வேலை ஒன்று அங்கே கிடக்க, இதை வாசித்துவிட்டுத் தொடங்கலாம் என்றுதானே இவ்வளவு தூரம் வந்தீர்கள்?