பின்னால் போக மறுத்த பட்டாளத்து டிரெய்லர்

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. அதை ஒப்புக்கொள்ள எண்பது வயதாக வேண்டியிருந்தது. எதையும் முதல் வரி மட்டும்தான் படிப்பேன். மருந்துச் சீட்டோ, கரண்ட் பில்லோ, கல்யாணப் பத்திரிகையோ, முதல் வரியைப் பார்த்ததும் மீதி எனக்கே தெரியும் என்று ஒரு நினைப்பு. (ஒரு கல்யாணத்துக்கு மறுநாள் போய் நின்று, பந்தல் பிரித்துக்கொண்டிருந்தவர்களிடம் மாப்பிள்ளை எங்கே என்று கேட்டிருக்கிறேன்.) இந்தப் பழக்கத்தால் ஒரு டிரெய்லர் மாம்பழம் ஏரிக்குப் போனது. என் கல்யாணமும் கூடவே போயிருக்க வேண்டியது.

அறுபதுகளின் கடைசி. நான் டிப்ளமா முடித்து, பெங்களூரில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பஸ் பிடித்து மத்திகிரிக்கு அம்மாவிடம் வந்துவிடுவேன். எங்கள் தெருவில் டிப்ளமா படித்தவன் நான் ஒருவன்தான். அதனால் தெருவே என்னை என்ஜினியர் என்றது. நானும் மறுக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் குருபரப்பள்ளிப் பக்கத்தில் பெண் பார்த்தார்கள். பெண் பெயர் ரெஜினா. அப்பா சவரிமுத்து, மாந்தோப்பும் டிராக்டரும் வைத்திருந்தவர். பெண்ணை எனக்குப் பிடித்துப்போயிற்று. அவளுக்கும் என்னைப் பிடித்திருப்பதாகக் கேள்வி. ஆனால் சவரிமுத்து மட்டும் "யோசிச்சுச் சொல்றேனுங்க" என்று நிறுத்திவைத்திருந்தார். மண்பானையைக்கூட நாலு தடவை தட்டிப் பார்த்து வாங்குகிற மனிதர். பெண்ணைக் கொடுப்பதற்கு என்னை எப்படித் தட்டிப் பார்ப்பது என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது அந்த டிரெய்லர் வந்து சேர்ந்தது.

பெங்களூரில் பட்டாளம் கழித்துப்போட்ட சாமான்களை ஏலம் விடுவார்கள். அங்கே அவர் ஏலத்தில் எடுத்தது. மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரி மண்டிக்கு வாடகை லாரியை எதிர்பார்க்காமல் சொந்தமாக ஏற்றிப் போகலாம் என்பது அவர் கணக்கு. வண்டியில் ஏதோ கோளாறு என்றதும் எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்: "மாப்பிள்ளை என்ஜினியர்தானே, வந்து பார்க்கச் சொல்லுங்க."

அம்மா என்னை உட்காரவைத்துச் சொன்னாள். "போயி நல்லபடியா ரிப்பேர் பண்ணிக் குடுத்துட்டு வா. வாய மட்டும் மூடிக்கிட்டு இரு."

முதல் காரியம் என்னால் முடியும் என்று நினைத்தேன். இரண்டாவது முடியாது என்று எனக்கே தெரியும்.

டிரெய்லர் புளியமரத்தடியில் நின்றது. இரண்டே சக்கரம், ஒவ்வொன்றும் என் இடுப்புக்கு மேல். இரும்புத் தொட்டி, முன்னால் டிராக்டரில் மாட்ட மணிக்கட்டுத் தடிமனில் ஒரு வளையம். பச்சை மேல் பச்சையாக எத்தனை தடவை பெயிண்ட் அடித்திருந்தார்களோ, ஆணியின் தலைகூடத் தெரியவில்லை. அது என்ன வண்டி என்பதில் ஊர் இரண்டுபட்டிருந்தது. தண்ணீர் வண்டி என்றது ஒரு கட்சி, பிணம் ஏற்றிய வண்டி என்றது இன்னொன்று. பெங்களூரிலிருந்து அதை டிராக்டரில் இழுத்து வந்த டிரைவர் முனியப்பா எந்தக் கட்சியிலும் இல்லை. அவருக்கு வீட்டில் தெலுங்கு, வெளியே கன்னடம். எங்களிடம் பேசும்போது தமிழோடு அந்த இரண்டையும் சேர்த்துக்கொள்வார்.

"சார், முந்தே போனா பஸ்ட் கிளாஸ். ஹிந்தே தள்ளினா மாத்திரம் சக்கரம் சுத்தாது, அங்கியே குந்திக்கும்" என்றார். டிராக்டரை ரிவர்ஸில் எடுத்தும் காட்டினார். சக்கரம் இரண்டும் இறுகிக்கொண்டு மண்ணை உழுதது.

நான் முதலில் வண்டியை அடையாளம் காண்பது என்று தீர்மானித்தேன். (ரிப்பேர் தெரியாதவன் முதலில் செய்வது அதுதான்.) முன்பக்கச் சட்டத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தகடு பெயிண்டுக்குள் புதைந்திருந்தது. கத்தியால் சுரண்டினேன். பித்தளை. 'டிரெய்லர், ஒரு டன், ஜி. எஸ்.' என்று இங்கிலீஷில் முதல் வரி வந்தது. அத்தோடு சுரண்டுவதை நிறுத்தினேன்.

"ஜி என்றால் கன். பீரங்கிங்க மாமா. இது பீரங்கி இழுத்த வண்டி" என்றேன்.

சவரிமுத்து அதுவரை வண்டியில் சாய்ந்து நின்றிருந்தவர், நகர்ந்து நேராக நின்றார். சாயங்காலத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து சக்கரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

அந்தத் தகட்டை உளி வைத்துப் பெயர்த்தெடுத்தேன். மோர் கொண்டுவந்த ரெஜினாவிடம், அவள் அப்பா அந்தப்பக்கம் திரும்பிய நேரம் பார்த்து, "ஞாபகார்த்தமா வச்சுக்குங்க" என்று நீட்டினேன். கல்யாணத்துக்கு முன்னால் பெண்ணுக்குப் பரிசு கொடுக்க எனக்கு வேறு வழி இல்லை. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்குக் கீழயும் என்னமோ எழுதியிருக்குதுங்களே. பெயிண்டு மூடியிருக்குது."

"அதெல்லாம் மிலிட்டரி இங்கிலீஷ். உங்களுக்குப் புரியாது."

அவள் கிருஷ்ணகிரியில் கான்வென்ட்டில் எஸ்.எஸ்.எல்.சி. படித்தவள், இங்கிலீஷில் பள்ளிக்கே முதல். நான் இங்கிலீஷை இரண்டாம் தடவையில் கரையேறியவன். இந்த விவரத்தை அன்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறு ரிப்பேர் நடந்தது. முதல் வாரம் சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிரம்மைத் துடைத்து மாட்டினேன். முன்னால் பஸ்ட் கிளாஸ், பின்னால் குந்திக்கொண்டது. இரண்டாம் வாரம் கைக்கு எட்டிய இடத்துக்கெல்லாம் கிரீஸ் வைத்தேன். என் சட்டையில் ஒட்டிய கிரீஸுக்குச் சட்டையே பின்னால் வழுக்கிப் போயிருக்கும், வண்டி போகவில்லை.

"விடுங்க சார். ரிவர்ஸ் எதுக்கு? நான் சுத்திக்கினு வர்றேன். எடம் நெறைய இருக்குது" என்றார் முனியப்பா. அந்த மூன்று வாரத்தில் யாராவது அறிவோடு பேசினார்கள் என்றால் அது அவர் ஒருவர்தான்.

மூன்றாம் வாரம் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வளையத்திலிருந்து சக்கரம் வரை ஓடிய நீளக் கம்பிகள்தான் பிரேக்கைப் பிடித்துத் தொலைக்கின்றன என்று கண்டுபிடித்தேன். அது சரியான கண்டுபிடிப்புதான். ஏன் பிடிக்கின்றன என்று மட்டும் யோசிக்கவில்லை. கம்பிகளை மொத்தமாகக் கழற்றி மூலையில் போட்டேன். முனியப்பா ரிவர்ஸ் எடுத்தார். வண்டி வெண்ணெய் மாதிரி பின்னால் போயிற்று.

சவரிமுத்து சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. "நாளைக்கே லோடு ஏத்திரலாம். மத்த பேச்சையும் இந்த வாரமே முடிச்சிரலாமுங்க" என்றார். எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

கிளம்பும்போது ரெஜினா காபி டம்ளரை வைத்தாள். டபராவுக்கு அடியில் நான்காக மடித்த காகிதம். எனக்குக் காது வரை சூடேறியது. அப்படியே சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டும் வரை பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு, பிறகு பிரித்தேன். முத்து முத்தான எழுத்து.

'தகட்டைப் புளி போட்டு விளக்கினேன். அதில் உள்ளபடி: பொது உபயோகச் சாமான் வண்டி (ஜெனரல் சர்வீஸ், அதுதான் ஜி. எஸ்.). இழுக்கும் வாகனம் வேகம் குறைக்கும்போது வண்டி முன்னால் தள்ளும். அந்தத் தள்ளலில் பிரேக் தானே பிடிக்கும். பின்னோக்கிச் செலுத்துமுன் வளையத்தின் அருகே உள்ள கொக்கியைத் தூக்கி மாட்டவும். பிறகு மறவாமல் இறக்கவும்.'

காதல் கடிதம் இல்லை என்ற வருத்தம் எனக்கு முதலில் வந்தது. (மனிதன் அவ்வளவுதான்.) அப்புறம்தான் விஷயம் புரிந்தது. கோளாறே இருந்திருக்கவில்லை. சின்னக் கொக்கி ஒன்று, அதுவும் பெயிண்டுக்குள். நான் கழற்றிப் போட்டது கோளாறை அல்ல, பிரேக்கை. நாளைக் காலையில் அந்த வண்டி ஒரு டன் மாம்பழத்தோடு கிருஷ்ணகிரி இறக்கத்தில் இறங்கப்போகிறது.

அங்கேயே இறங்கி எதிர் பஸ் பிடித்திருக்கலாம். எழுந்தும் நின்றேன். ஆனால் திரும்பிப் போய் என்ன சொல்வது? மூன்று வாரம் உங்கள் வண்டியைக் கெடுத்தேன், உங்கள் பெண்ணுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை என்றா? அவர் சிரித்த முகம் கண்ணில் நின்றது. டிராக்டருக்குத்தான் பிரேக் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு மறுபடி உட்கார்ந்தேன். இன்றைக்கும் அந்த உட்கார்ந்ததை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ராத்திரி தூக்கம் வரவில்லை. காலையில் வேலைக்குப் போகாமல், கிருஷ்ணகிரிக்குப் போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். குருபரப்பள்ளி வந்ததும் ஜன்னல் வழியே பார்த்தேன், புளியமரத்தடி காலியாக இருந்தது.

சிறிது தூரத்தில் டிராக்டர் தெரிந்தது. பின்னால் டிரெய்லர் நிறைய மாம்பழக் கூடை. மட்கார்டில் வெள்ளை வேட்டியும் அங்கவஸ்திரமுமாகச் சவரிமுத்து. பஸ் அவர்களைத் தாண்டும்போது நான் ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, "நிறுத்துங்க, பிரேக் இல்ல, நிறுத்துங்க" என்று கத்தினேன். டிராக்டர் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. முனியப்பா என்னைப் பார்த்துச் சந்தோஷமாகக் கை ஆட்டினார். சவரிமுத்து எழுந்து கும்பிட்டார்.

கண்டக்டரிடம் கெஞ்சி, இறக்கத்தின் பாதியில் பஸ்ஸை நிறுத்தவைத்தேன். அதுவே தப்பாகப் போயிற்று. பஸ் நிற்பதைக் கண்டு முனியப்பா பிரேக் போட்டார். டிராக்டர் நிற்கப் பார்த்தது. டிரெய்லருக்கு நிற்கிற எண்ணமே இல்லை, பின்னாலிருந்து ஒரு தள்ளு தள்ளியது. எங்கள் பஸ்மேல் மோதாமல் முனியப்பா ஸ்டியரிங்கை ஒடித்தார் பாருங்கள், அந்தக் கைக்கு நான் இன்றும் கடன்பட்டிருக்கிறேன். டிராக்டர் சாலையோரச் சரிவில் இறங்கி, கீழே இருந்த ஏரிக்குள் போனது. டிரெய்லர் பக்கவாட்டில் சாய்ந்து அத்தனை கூடையையும் கொட்டியது.

நல்லவேளை, கோடைக்காலம். ஏரியில் முழங்கால் தண்ணீர், மீதி சேறு. சேற்றிலிருந்து முதலில் அங்கவஸ்திரம் எழுந்தது. அதற்குக் கீழே சவரிமுத்து இருந்தார். முனியப்பாவும் முழுசாக எழுந்தார். நான் கரைக்கு ஓடினேன். பஸ்ஸில் வந்தவர்கள் உதவி செய்ய ஏரியில் இறங்கினார்கள். (பாதிப்பேர் உதவி செய்தார்கள். பாதிப்பேர் மாம்பழம் தின்றார்கள்.)

சவரிமுத்து முனியப்பா பக்கம் திரும்பினார். "ஏன்டா, கண்ணு தெரியலியா ஒனக்கு? வண்டி ஓட்டறியா, தூங்கறியா? நாளையிலருந்து நீ வர வேண்டாம் போ."

முனியப்பா தலையைக் குனிந்துகொண்டார். நான் வாயைத் திறக்காவிட்டால் பழி அவரோடு போய்விடும். எனக்குப் பெண்ணும் கிடைத்துவிடும். ஒரு நிமிஷம் அப்படியும் தோன்றியது, மறைக்கவில்லை.

"மாமா, அவர் மேல தப்பில்ல. பிரேக்கை நான்தான் கழட்டிட்டேன்" என்றேன். காகிதத்தை எடுத்து நீட்டினேன்.

எழுத்தைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. மாம்பழம், டிராக்டர் எல்லாம் மறந்துபோயிற்று.

"இது எம்பொண்ணு எழுத்து. உங்களுக்கு லெட்டர் எழுதுதா?"

"படிச்சுப் பாருங்க மாமா. பிரேக்கைப் பத்தித்தான்."

சேற்றுக்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு (வேட்டியில் இன்னும் அதிகச் சேறு) அவர் வாய்விட்டுப் படித்தார். கரையில் எல்லோரும் கேட்டார்கள்.

"இத எப்பப் படிச்சீங்க?"

"நேத்து சாயங்காலம். பஸ்ல."

"அப்ப நேத்தே ஏனுங்க எறங்கல?"

 அவர் காகிதத்தைத் திருப்பினார். "பின்னாடியும் எழுதியிருக்குதே. இதப் படிச்சீங்களா?"

பின்பக்கம் இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் அதையும் அதே குரலில் படித்தார். 'இதைச் சொன்னதற்குக் கோபித்துக்கொள்ள வேண்டாம். ரிப்பேர் முடிந்தாலும் வரும் ஞாயிறும் வரவும்.'

பஸ்காரர்கள் மாம்பழத்தை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள். ஏரி இன்னும் கொஞ்சம் ஆழமாக இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது. சவரிமுத்து காகிதத்தை மடித்தார். முனியப்பாவிடம் போய், "மனசுல வச்சுக்காதப்பா, தெரியாமச் சொல்லிட்டேன்" என்றார். பிறகு என்னிடம் வந்தார்.

"ஞாயித்துக்கிழமை வாங்க. எம்பொண்ணே வரச் சொல்லியிருக்குதில்ல. அந்தக் கம்பிய மாட்டிட்டுத்தான் மத்த பேச்சு."

அந்த ஞாயிறு நான் வண்டிக்கு அடியில் படுத்துக் கம்பியை மாட்ட, ரெஜினா தகட்டைப் பார்த்து ஒவ்வொரு வரியாகப் படித்தாள். நடுவில் நாற்காலி போட்டுச் சவரிமுத்து உட்கார்ந்திருந்தார். கடைசி வரி வரை அவள் படித்து முடிக்காமல் என்னை எழுந்திருக்க விடவில்லை. அவள் எனக்குக் கடைசி வரி வரை படித்துக் காட்டுவது அன்றைக்கு ஆரம்பித்தது.

தகடு அவள் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தது. இப்போது வாசற்கதவுக்கு மேல் இருக்கிறது. நான் தப்பாக எதையாவது சாதித்துவிட்டு, பின்வாங்க மனமில்லாமல் முறுக்கிக்கொண்டு உட்கார்ந்தால், பிள்ளைகளிலிருந்து பேத்தி வரை யாராவது கேட்பார்கள்: "கொக்கியத் தூக்கியாச்சா?"

போன மாதம்கூட மோட்டார் ஸ்விட்ச் விஷயத்தில் ரெஜினாவோடு வாதம் பண்ணிவிட்டு, தப்பு என்னுடையது என்று தெரிந்ததும் வாசலில் போய் உட்கார்ந்தேன். சமையலறையிலிருந்து குரல் வந்தது. "என்னங்க, கொக்கி?"

எழுந்து உள்ளே போய், நீ சொன்னதுதான் சரி என்றேன். அன்றைக்கு ஒரு ராத்திரி எடுத்துக்கொண்டவன், இப்போது ஐந்தே நிமிஷத்தில் வந்துவிட்டேனே என்று பெருமையாகச் சொன்னேன்.

"அந்த அஞ்சு நிமிசத்துலதான் வண்டி ஏரிக்குப் போவுது" என்றாள் அவள்.