மாவு பல்பம் தின்றது யார்?

வீட்டில் ஒரு குழந்தையும் கையில் ஒரு போனும் இருந்துவிட்டால், உலகத்தில் உள்ள எல்லா நோயும் அந்தக் குழந்தைக்கு வந்துவிடும். அனுபவத்தில் சொல்கிறேன். என் மகள் ஜெசிக்கு மூக்கு ஒழுகினால்கூட, போனில் தேடிப் படித்து, மனத்தளவில் அவளை இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகளில் சேர்த்துவிட்டுத்தான் கைக்குட்டையை எடுப்பேன்.

அப்போது அவள் இரண்டாம் வகுப்பு. எழுதப் பழகியதே போன் கண்ணாடியில்தான். ‘அ’ மேல் விரலால் தடவினால் ஒரு மஞ்சள் குருவி வந்து கைதட்டும். கோணலாகத் தடவினாலும் தட்டும். (அந்தக் குருவிக்கு மனசாட்சியே கிடையாது. எங்கள் காலத்து டீச்சர் நேராக எழுதினாலும் முட்டியில் தட்டுவார்.) பள்ளியில் பென்சிலைக் கொடுத்ததும் அவள் எழுத்து, எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரி போன தடம் மாதிரி ஆகிவிட்டது.

“வீட்ல கொஞ்சம் எழுத வைங்க, ஜெசி மம்மி” என்றார் அவளுடைய மிஸ்.

நான் படித்த வழியிலேயே படிக்க வைப்பது என்று முடிவு செய்து, தண்டையார்பேட்டையில் ஒரு கடையில் சிலேட்டும் ஒரு டப்பா மாவு பல்பமும் கேட்டேன். கடைக்காரர் பரணில் தேடி எடுத்துத் தூசி தட்டினார்.

“இன்னாக்கா, இன்னுமா இதுல எய்துறாங்க?”

ஜெசி சிலேட்டை விரலால் இரண்டு முறை தேய்த்துப் பார்த்துவிட்டு, “மம்மி, சார்ஜ் இல்ல” என்று திருப்பிக் கொடுத்தாள்.

ஆனாலும் பழகிக்கொண்டாள். தினமும் சாயங்காலம் அவள் எழுதுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து கவலைப்படுவேன். எழுத்து திருந்தியது. பல்பம்தான் மளமளவென்று தீர்ந்தது. எழுதியா இவ்வளவு சீக்கிரம் தீரும்? எனக்குச் சுருக்கென்றது.

“ஜெசி, பல்பம் சாப்பிடுறியா?”

“நான் துன்னல மம்மி.”

“துன்னல இல்ல, சாப்பிடலன்னு சொல்லு. நாக்கை நீட்டு.”

நாக்கு சுத்தமாக இருந்தது. (வாயைக் கொப்பளித்துவிட்டு வந்திருக்கிறாள், என்ன சாமர்த்தியம் என்று நடுங்கிப்போனேன்.)

போன் சொன்னது, குழந்தைகள் இப்படித் தின்றால் இரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருக்கலாம் என்று. ‘இருக்கலாம்’ என்ற சொல் என் கண்ணில் படவே இல்லை. அன்றிலிருந்து முருங்கைக்கீரைக் கூட்டு, முருங்கைக்கீரை அடை, முருங்கைக்கீரை சூப். இடையிடையே பேரீச்சம்பழம். போதாததற்கு வயிற்றுப் பூச்சி மருந்து.

ஹார்பரில் கிரேன் ஓட்டும் என் கணவர் தட்டை எட்டிப் பார்த்தார். “இன்னா மேரி, ஆட்டுக்கு வெக்கிற மாரி தழையா வெச்சிகினு கீற? கொயந்த நாளைக்கு ‘மே’ன்னு கத்தப்போவுது.”

“உங்களுக்கு எல்லாமே விளையாட்டுங்க” என்று கண்கலங்கினேன்.

அந்த நேரம் பார்த்துப் பள்ளியில் வண்டலூர் ஜூவுக்கு டூர் அறிவித்தார்கள். இரத்தசோகைப் பிள்ளையை, அந்த வெயிலில், அவ்வளவு தூரம் பஸ்ஸிலா? அனுப்பமாட்டேன் என்றேன். ஜெசி கீரையையும் என்னையும் ஒதுக்கிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதாள். அவளுடைய வகுப்பில் எல்லோரும் போகிறார்களாம். அவளுக்குப் பக்கத்து சீட்டு பிடித்து வைப்பதாகத் தோழி சத்தியம் செய்திருக்கிறாளாம்.

எனக்கே சந்தேகம். அனுப்பாவிட்டால் நான் ராட்சசியா? அனுப்பி ஏதாவது ஆகிவிட்டால்? சனிக்கிழமை போனிலேயே பெற்றோர் கூட்டம் இருந்தது. மிஸ் சொல்கிறபடி செய்வோம் என்று ஜெசியிடம் ஒப்பந்தம்.

சாப்பாட்டு மேசையில் சிலேட்டைச் சாய்த்து, அதன்மேல் போனை நிறுத்தினேன். நல்ல புடவை, பவுடர் எல்லாம் உண்டு. ஒவ்வொரு பெற்றோராகப் பேசிக்கொண்டிருந்தார்கள். என் முறை வர வரக் கவலை ஏறிக்கொண்டே போனது. கடைசியில் வந்தது.

“மிஸ், ஜெசி பல்பம் சாப்பிடுறா. எவ்வளவோ சொல்லிப் பார்த்துட்டேன், கேக்கல. இந்த நிலைமையில டூருக்கு அனுப்பலாமா மிஸ்?”

மிஸ் திரைக்கு அருகில் வந்து உற்றுப் பார்த்தார்.

“ஜெசி மம்மி… உங்க கையில என்ன?”

திரையில் சின்னக் கட்டத்துக்குள், உதடெல்லாம் வெள்ளையாக ஒரு பெண் இருந்தாள். பாவம், யாரோ என்று நினைத்தேன். அவள் கையில் பாதி பல்பம். மீதிப் பாதி அவள் வாயில் கடக்கென்றது. என் வாயிலும் கடக்கென்றது.

ஜெசி என் தோளைத் தள்ளிக்கொண்டு கட்டத்துக்குள் பாய்ந்தாள். “மிஸ்! பாருங்க மிஸ்! மம்மிதான் துன்னுகினு கீது!”

எட்டாம் வகுப்போடு விட்டுவிட்டதாக நான் நம்பியிருந்த பழக்கம். கவலை வந்தால் கை தானாகப் பல்பத்துக்குப் போயிருக்கிறது; தினமும் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் செய்ததே கவலைப்படுவது ஒன்றுதான். மைக்கை அணைக்கப்போய் என் படத்தைப் பெரிதாக்கினேன். என் கணவர் லுங்கியோடு பின்னால் வந்து, சிரித்த சிரிப்பில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

“மேடம், மாவு பல்பமா, கல் பல்பமா?” என்றது ஒரு அப்பாவின் குரல்.

“எந்தக் கடைங்க?” என்று ஒரு அம்மா மெதுவாகக் கேட்டார். (அவர் இன்றும் என் நெருங்கிய தோழி.)

மிஸ் மட்டும் சிரிக்காமல் தீர்ப்புச் சொன்னார். “ஜெசி டூருக்கு வரட்டும். நீங்க ஒரு டாக்டரைப் பாருங்க.”

பார்த்தேன். இரும்புச்சத்து குறைவுதான், எனக்கு. ஜெசியிடம் மன்னிப்புக் கேட்டேன். பெருந்தன்மையாக மன்னித்து, தன் பங்குக் கீரையை என் தட்டில் தள்ளினாள்.

வண்டலூரில் ஒவ்வொரு கூண்டின் முன்னாலும் நிறுத்தி, எந்த மிருகம் என்ன சாப்பிடும் என்று மிஸ் கேட்டிருக்கிறார். ஜெசி கை தூக்கி, கேட்காத கேள்விக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து எங்கள் வீட்டில் கல்யாணமோ கிறிஸ்துமஸோ, நாலு பேர் கூடினால் என் கணவர் ஆரம்பித்துவிடுவார்.

“கொரங்கு இன்னா துன்னும்?”

“வாயப்பயம்!”

“யானை?”

“கரும்பு!”

“எங்கூட்டு மேரி?”

கூட்டமே ஒரே குரலில் கத்தும். போன வாரம் ஞானஸ்நான விருந்தில், என் நாத்தனாரின் கைக்குழந்தையும் சேர்ந்துகொண்டு “பப்பம்” என்றது. அதற்கு இன்னும் ‘அம்மா’ சொல்ல வரவில்லையாம்.