அரக்கு வைத்த நெய் உருண்டை

இந்தத் தீபாவளிக்கு ஒரே ஒரு நெய் உருண்டையாவது தின்றே தீருவது என்று முடிவெடுத்தேன். இதெல்லாம் ஒரு லட்சியமா என்று உங்களுக்குத் தோன்றலாம். உங்கள் வீட்டில் என் மனைவி இல்லை, அதனால் தோன்றுகிறது.

அவள் பெயர் மங்கையர்க்கரசி. கூப்பிடுவது அரசி. ஈசூன் வட்டாரத்தில் எங்கள் நாலறை வீட்டில் ஆட்சி அவளுடையது. நான், அழகேசன், அங்கே குடிமகன். வரி கட்டுவேன், வாய் திறக்க மாட்டேன்.

கல்யாணமான முதல் தீபாவளியிலிருந்து எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. அரசி அடுப்படியில் நின்று நெய் உருண்டை பிடிப்பாள். பாசிப்பயற்று மாவில் கொதிக்கும் நெய்யை ஊற்றி, கை பொறுக்காமல் ஊதி ஊதிப் பிடிப்பாள். முதல் உருண்டை தேறியதும் கூப்பிடுவாள்.

"என்னங்க, இங்க வாங்க. பாத்துச் சொல்லுங்க."

நான் ஓடுவேன். அவளே என் வாயில் போடுவாள். "சீனி போதுமா?" என்பாள். நான் வேண்டுமென்றே, "சரியாத் தெரியல, இன்னொண்ணு குடு" என்பேன். வருடம் முழுக்க அவள் என் அபிப்பிராயத்தைக் கேட்பது அந்த ஒரு நாள்தான். அந்த ஒரு நாளுக்காகத்தான் மற்ற நாளெல்லாம் சமர்த்தாக இருந்தேன்.

அதற்கும் போன வருடம் வந்தது வேட்டு. பாலிகிளினிக்கில் ஒரு டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும், கணினியைப் பார்த்துக்கொண்டே என் கதையை முடித்தார். "சுகர் ஏறியிருக்கு அங்கிள். இனிப்பு வேணாம். ராத்திரி சோத்துக்குப் பதிலா சப்பாத்தி."

சப்பாத்தியை நான் அங்கேயே மறுத்துவிட்டேன். இனிப்பை, என்னைக் கேட்காமல், அரசி மறுத்துவிட்டாள். அன்றே அவள் வாங்கிய கோதுமை மாவு பை பிரிக்கப்படாமல் அலமாரியில் கிடந்தது. நெய் உருண்டையைப் பார்த்துச் சொல்லும் பதவி பக்கத்து வீட்டு முகம்மது யூசுப் பாய்க்குப் போனது.

பாய் நல்ல மனிதர். ஆனால் பதவி வந்தால் மனிதன் மாறிவிடுகிறான்.

"அண்ணே, இந்த வருஷம் தங்கச்சி கையில சொக்கத் தங்கம் லா" என்றார், வாசலில் என்னை வழிமறித்து. "ஏலக்காய் வாசம் இன்னும் விரல்ல இருக்கு."

"கை கழுவலையா பாய்?"

"மனசு வரலண்ணே."

என் வயிறு எரிந்தது. சுகரால் அல்ல.

போன வருடம் நான் வேறு வழி கண்டுபிடித்திருந்தேன். சொந்தக்காரர்களுக்குப் பரிசாகக் கட்டி வைத்த பெட்டிகளில் டேப்பைப் பிரித்து, வேண்டியதை எடுத்து, பழையபடி ஒட்டி வைத்தேன். அரசியின் அண்ணன் கோவிந்தராசு பிடோக்கிலிருந்து போன் போட்டார். "தங்கச்சி, பொட்டி பெருசா இருக்கு. உள்ள உருண்டைதான் தனியா உருண்டு விளையாடுது" என்றார். மனிதர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மாட்டிக்கொண்டது நான்.

அதனால் இந்த வருடம் அரசி சமூக மன்றத்துக்குப் போய் ஒரு வகுப்பில் சேர்ந்தாள். பரிசுப் பெட்டியை அலங்கரிக்கும் வகுப்பு. தங்க நிறத் தாளைச் சுற்றி, சணல் கயிற்றால் கட்டி, முடிச்சின் மேல் சிவப்பு அரக்கை உருக்கி ஊற்றி, முத்திரை குத்த வேண்டும். பார்க்க ராஜா காலத்து ஓலை மாதிரி இருந்தது. முத்திரைக்காக வகுப்பில் பித்தளை அச்சு காட்டினார்களாம். அரசி வேண்டாமென்று சொல்லி விரலை நீட்டியிருக்கிறாள்.

விரலில் நான் போட்ட கல்யாண மோதிரம். சிராங்கூன் சாலையில் சொல்லிச் செய்தது. பட்டையான முகப்பு, அதில் 'அ' என்ற எழுத்து. அது அழகேசனின் அ என்பது என் கட்சி. அரசியின் அ என்பது அவள் கட்சி. அரக்கில் அது இடம் வலம் மாறி விழுந்ததால், பார்த்தவர்கள் ஏதோ பூ என்று நினைத்தார்கள்.

எனக்கு அது பூட்டு. டேப்பை யார் வேண்டுமானாலும் திரும்ப ஒட்டலாம். அரக்கை உடைத்தால் திரும்ப வைக்க அந்த மோதிரம் வேண்டும். மோதிரமோ அவள் விரலில்.

பெட்டிகள் ஹாலில் வரிசையாக அமர்ந்தன. கோவிந்தராசு மச்சான் பெயர் எழுதிய பெட்டி முன் வரிசையில், சரியாக என் மூக்குக்கு நேரே. நான் சோபாவில் பேப்பரை விரித்துக்கொண்டு பெட்டியைப் படித்தேன். அடுப்படியில் நெய் வாசம். அங்கே பாய் ஏதோ சொல்ல, அரசி சிரித்தாள். எனக்கு ஏக்கமாக இருந்தது. உருண்டைக்கு ஏங்கினேனா, அந்த 'இங்க வாங்க'வுக்கு ஏங்கினேனா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

முதலில் நேர் வழியில் முயன்றேன். தேக்காவில் ஒரு நகைக்கடைக்குப் போய், மோதிரத்தின் போட்டோவைப் போனில் காட்டினேன்.

"இதே மாதிரி அச்சா இன்னொண்ணு செய்ய முடியுமா?"

"செய்யலாம் சார். பழசு என்னாச்சு?"

"மனைவி கையில இருக்கு."

"அப்ப புதுசு யாருக்கு?"

கேட்ட குரல் சரியில்லை. பக்கத்தில் சங்கிலி பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வேறு வழியில்லாமல் எதிரியிடமே ஆலோசனை கேட்டேன். பாய் தாடியைத் தடவினார்.

"எங்க வீட்டுக்காரி நஸீஹா மாவு பிசையும்போது மோதிரத்தக் கழட்டி ஜன்னல் ஓரமா வைப்பாண்ணே."

"அரசியும் அப்படித்தான். ஆனா உருண்டை வேலை முடிஞ்சு போச்சே பாய்."

"வீட்டுல வேற மாவே இல்லையா?"

இருந்தது. அலமாரியில், பிரிக்கப்படாமல். பாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவர் விரலில் உண்மையாகவே ஏலக்காய் வாசம்.

மறுநாள் சாயங்காலம் அடுப்படி வாசலில் போய் நின்றேன்.

"அரசி, இன்னிக்கி ராத்திரி சப்பாத்தி சாப்பிடலாம்னு இருக்கேன்."

"யாரு?"

"நான்தான்."

"உடம்பு சரியில்லையா?"

"உடம்புக்காகத்தான் சொல்றேன். டாக்டர் சொன்னா கேக்கணும்ல."

அவள் என்னை நீண்ட நேரம் பார்த்தாள். ஒரு வருடமாகக் கெஞ்சியும் மசியாத ஆள் தானாக வந்து கேட்கிறேன். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

"இருங்க, பிசையறேன்" என்றாள். மோதிரத்தைக் கழற்றி ஜன்னல் ஓரம் வைத்தாள். நான் தண்ணீர் குடிக்கப் போகிறவன் மாதிரி போய், குடிக்காமல், மோதிரத்தோடு திரும்பினேன். மச்சான் பெட்டியையும் அரக்குச் சாமான்களையும் தூக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் நுழைந்தேன்.

அரக்கின் அடியில் கத்தியை விட்டு நெம்பினேன். மளுக்கென்று உடைந்தது. உள்ளே ஊதாக் கண்ணாடித் தாளில் சுற்றிய உருண்டைகள், நெருக்கியடித்துக்கொண்டு. ஒன்றைப் பிரித்து வாயில் போட்டேன்.

மேலண்ணத்தில் அப்பிக்கொண்டது. நெய் இருந்தது, ஏலக்காய் இருந்தது, ஏதோ ஒன்று இல்லை. சந்தேகத்துக்கு இன்னொன்று போட்டேன். அதுவும் அப்படியே. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மென்றுகொண்டே யோசித்தபோது எனக்குப் புரிந்தது. பக்கத்தில் அவள் இல்லை. ஊட்டிவிடக் கையில்லை. தனியாக, திருட்டுத்தனமாகத் தின்றால் தேவாமிர்தமும் இப்படித்தான் இருக்கும். கண் கலங்கிவிட்டது.

கலங்க நேரமில்லை. கரண்டியில் அரக்கைப் போட்டு மெழுகுவத்தியில் காட்டினேன். புகைந்தது.

"என்னங்க, அங்க என்ன வாசம்?" அடுப்படியிலிருந்து குரல்.

"சாம்பிராணி போடறேன்."

"நீங்களா?"

"பண்டிகை நாள் பாரு."

"சாம்பிராணி நேத்தே தீந்து போச்சே."

"அதான் கொஞ்சமா வாசம் வருது."

அவசரமாக அரக்கை முடிச்சின் மேல் ஊற்றி, என் உள்ளங்கைச் சூட்டில் இருந்த மோதிரத்தை அழுத்தினேன். காயட்டும் என்று நன்றாகவே காத்திருந்தேன். பிறகு தூக்கினேன்.

மோதிரம் வரவில்லை. பெட்டி வந்தது.

திருகினேன். இழுத்தேன். ஊதினேன். பெட்டியை முழங்காலுக்கு நடுவில் இடுக்கிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டேன். கல்யாணத்தன்று அவள் விரலில் கூட அது இவ்வளவு கச்சிதமாகப் பொருந்தியதில்லை.

"என்னங்க" என்றாள் அரசி. குரல் சாவகாசமாக வந்தது. "மாவு பிசைஞ்சாச்சு. மோதிரத்தக் கொண்டாங்க."

"எந்த மோதிரம்?"

"பொட்டியோடவே கொண்டாங்க."

கொண்டு போனேன். வேறென்ன செய்ய. மேசையில் ஒரு கிண்ணம் நிறைய ஐஸ் கட்டி தயாராக இருந்தது. அவள் இரண்டை எடுத்து மோதிரத்தைச் சுற்றி வைத்தாள். கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு தட்டினாள். மோதிரம் சமர்த்தாகக் கழன்று வந்தது.

"குத்துறதுக்கு முன்னாடி மோதிரத்த ஐஸ்ல வைக்கணும். குளுந்து இருந்தாத்தான் அரக்கு விடும். அதுதான் முதல் பாடம்."

"ஐஸ் எதுக்கு முன்னாடியே எடுத்து வச்ச?"

"பாய் காலையிலயே வந்து சொல்லிட்டாரு. அவருக்கு ஒரு டப்பா கூடக் குடுத்திருக்கேன்."

பதவி மனிதனை எப்படியெல்லாம் மாற்றுகிறது பாருங்கள்.

"உங்க அண்ணனுக்கு இப்ப என்ன பதில் சொல்றது?" என்றேன், பேச்சை மாற்ற.

"அவரு போன வாரமே வந்து வாங்கிட்டுப் போயிட்டாரு. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க."

"அப்ப இது?"

"நீங்க எந்தப் பொட்டியில கை வைப்பீங்கன்னு எனக்குத் தெரியாதா? எப்படி இருந்துச்சு?"

பொய் சொல்ல மனம் வரவில்லை. உள்ளே இருந்ததைக் கொட்டிவிட்டேன். "ருசியே இல்ல அரசி. ஏன்னு யோசிச்சுப் பாத்தேன். நீ குடுக்கல. நீ ஊட்டாத உருண்டை தொண்டைக்குள்ள இறங்க மாட்டேங்குது."

அரசி ஐஸ் கிண்ணத்தை ஓரமாக நகர்த்தினாள். முகம் கூட லேசாகச் சிவந்த மாதிரி இருந்தது.

"அதுல சீனி போடலங்க" என்றாள்.

நான் சோபாவுக்குத் திரும்பினேன். பேப்பரை எடுத்து விரித்தேன். பிறகு அடுப்படிப் பக்கம் பார்க்காமலே சொன்னேன். "எனக்கு உருண்டை கூட வேணாம். அடுப்படியில நின்னு 'இங்க வாங்க, பாத்துச் சொல்லுங்க'ன்னு கூப்பிடுவியே. இப்பல்லாம் அத பாய்கிட்டச் சொல்ற. அது மட்டும் எனக்குத் திரும்ப வேணும்."

அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. கொஞ்சம் கழித்து நெய் வாசம் வந்தது. பேப்பரின் ஒரு வரியும் எனக்கு ஓடவில்லை.

"என்னங்க, இங்க வாங்க. பாத்துச் சொல்லுங்க."

செருப்பு ஒரு பக்கம், பேப்பர் ஒரு பக்கம். ஓடினேன். அவள் முன் நின்று, பழைய வழக்கப்படி கண்ணை மூடி வாயைத் திறந்தேன். சூடாக ஒரு துண்டை ஊதி வாயில் வைத்தாள். மோதிரம் போட்ட அதே விரல் உதட்டில் பட்டது. எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"உப்பு போதுமா?" என்றாள்.

"சரியாத் தெரியல, இன்னொண்ணு குடு" என்றேன், பழக்கதோஷத்தில்.

அன்றிலிருந்து தினமும் ராத்திரி தவறாமல் கூப்பிடுகிறாள். நானும் தவறாமல் ஓடிப்போய் வாயில் வாங்கிக்கொண்டு வருகிறேன், சப்பாத்தி.