குலேந்திரண்ணைக்கு நான் கட்டிய பதாகை

எங்கள் பக்கத்தில் கலியாணவீட்டுக்கு ஆட்களை வரவழைப்பது பெரும்பாடு. வீடு தேடிப் போய், உள்ளே இருக்கும் ஒவ்வொருவரின் பெயரையும் சொல்லி அழைக்கவேண்டும். ஒரு பெயர் விட்டுப்போனால் அந்தக் குடும்பமே வராது. செத்தவீடு அப்படியல்ல. ஒருவரும் சொல்லவேண்டியதில்லை. வருடக்கணக்காக முகம் பாராதவனும் வந்து முற்றத்தில் இருப்பான். இது எல்லோருக்கும் தெரிந்த உண்மைதான். அதைச் சொந்தச் செலவில் பதாகை அடித்துப் பரிசோதித்துப் பார்த்தவன் யாழ்ப்பாணத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

என் தொழில் காணிகளின் நில அளவைப் படம் வரைவது. ஒரு கோடு இம்மியளவு சரிந்தால் இரண்டு குடும்பங்கள் வேலிச் சண்டைக்குப் போய்விடும் என்பதால், வாழ்க்கையிலும் கோடு சரியாமல் பார்த்துக்கொள்பவன். சட்டைப் பையில் சரிவு பார்க்கும் சிறிய நீர்மட்டக் கருவி ஒன்று எப்போதும் இருக்கும். (சாமிப்படம் மாட்டுவதற்கும் அதுதான். "கடவுளே நிமிர்ந்து நிண்டாத்தான் உங்களுக்கு நம்பிக்கை வரும்" என்பாள் மனைவி.)

இப்படிப்பட்ட எனக்கும் ஒரு ரொக் இசைக்குழுவுக்கும் என்ன உறவு என்று கேட்பீர்கள். தென்மேற்குக் காற்றின் பெயர் வைத்த "சோளகம்" குழுவைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். குருநகர் அன்ரன் அண்ணை பாட்டும் கிற்றாரும். நீர்வேலிக் குலேந்திரண்ணை டிரம்ஸ். இன்னும் இருவர். தேவாலயத் திருநாளா, கோயில் திருவிழாவா, எங்கே மேடை கிடைத்தாலும் ஏறி அதிரவைத்தவர்கள். போரால் மின்சாரம் இல்லாத அந்த வருடங்களில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, அந்த மின்சாரத்தில் ஒரு சின்ன ஸ்பீக்கரை இயக்கிப் பழகினார்கள். அந்தச் சைக்கிள் பெடலைக் கையால் சுற்றியவன் நான். நான் களைத்தால் கிற்றாரும் களைக்கும். ஆகவே சோளகத்தின் மின்சாரம் நான்தான் என்று இன்றும் அடக்கமாகச் சொல்லிக்கொள்வேன்.

என் அண்ணையின் மகள் அபி ரொறன்ரோவில் வளர்ந்தவள். சோளகத்தின் நீண்ட பயணத்தை ஆவணப்படமாக எடுக்கப்போகிறேன் என்று கமராவோடு சண்டிலிப்பாயில் எங்கள் வீட்டில் வந்து இறங்கியபோது, எனக்கு இரவில் நித்திரை வரவில்லை. பெடல் சுற்றியதைப் பற்றி நான் கொடுத்த நேர்காணல் மட்டும் ஒரு முழுப் பின்னேரம் போனது.

படம் ஏறத்தாழ முடிந்தது. முடிவுதான் இல்லை.

காரணம், அன்ரன் அண்ணையும் குலேந்திரண்ணையும் பல வருடங்களாகப் பேசுவதில்லை. ஒரு கலியாணவீட்டில் குலேந்திரண்ணை தன் தோட்டத்து வாழைக்குலைகளை லொறியில் ஏற்றிவிட்டு வரப் பிந்திவிட்டார். அன்ரன் அண்ணை பொறுமையிழந்து, தானாகத் தாளம் போடும் பெட்டி ஒன்றை அவருடைய கதிரையில் வைத்துக் கச்சேரியை நடத்திவிட்டார். பெட்டி பிந்தவில்லை, களைக்கவில்லை, சாப்பாடும் கேட்கவில்லை. அன்று குழுவை விட்டுப் போனவர் குலேந்திரண்ணை, திரும்பவில்லை.

"ஒரு பெட்டிக்கு என்ரை கதிரையைக் குடுத்தவன்" என்றார் அவர் கமராவைப் பார்த்து. "அவன் என்ரை படலையைத் திறந்து உள்ளுக்கு வந்து கேட்கட்டும். பேந்து யோசிப்பம்."

அபி அதைக் குருநகருக்குக் கொண்டுபோனாள். அன்ரன் அண்ணை கடலைப் பார்த்தபடி சொன்னார்: "அவன் செத்தாத்தான் அந்தப் படலையைத் திறப்பன்."

ஞாயிறு பின்னேரம் ஊரவர்களுக்குப் படத்தைப் போட்டுக்காட்டுவது, பிறகு அதே மேடையில் இருவரையும் சேர்ந்து வாசிக்கவைத்து அதைக் கடைசிக் காட்சியாக எடுப்பது, இதுதான் அபியின் திட்டம். திங்கள் அவளுக்கு விமானம்.

"சித்தப்பா, இவை ரெண்டு பேரும் ஒரு படச்சட்டத்துக்குள்ளை வராட்டி எனக்குப் படமே இல்லை" என்றாள். முகம் வாடியிருந்தது.

"நீ யோசியாதை. குலேந்திரண்ணையை நான் கொண்டுவாறன்" என்றேன்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. நகரத்தில் நான்கு பேரும் சேர்ந்து நிற்கும் பதாகை ஏற்கெனவே கட்டியாயிற்று. நீர்வேலிச் சந்தியில் குலேந்திரண்ணையின் முகம் மட்டும் தனியாக, பெரிதாக எழுந்து நின்றால்? சொந்த ஊர், சொந்த முகம். எந்த மனிதன் இளகமாட்டான்?

யாழ்ப்பாணத்தில் ஓர் அச்சுக்கடைக்குப் போனேன். அபி தந்த கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொடுத்தேன். (கறுப்பு வெள்ளைதான் கலை என்பது அவள் கட்சி.) படத்தின் கீழ், குழு தொடங்கிய ஆண்டு, நடுவில் ஒரு கோடு, இந்த ஆண்டு. அதன் கீழ் நானே யாத்த வரி: "எங்கள் நெஞ்சங்களில் என்றும் ஒலித்துக்கொண்டிருப்பாய்." அடியில் திரையிடல் விபரம்.

"அண்ணை, எங்களிட்டை ஒரு டிசைன் இருக்கு" என்றார் கடைக்காரர். "கரைக்குக் கறுப்பு, ரெண்டு பக்கமும் குத்துவிளக்கு. கனபேர் எடுக்கிறவை. இண்டைவரைக்கும் ஒருத்தரும் குறை சொல்லேல்லை."

சொல்லக்கூடிய நிலையில் அவர்கள் யாரும் இல்லை என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது. அப்போது நான் எழுத்துப்பிழை பார்ப்பதில் மும்முரமாக இருந்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தேன். ஒற்று ஒன்று விடுபட்டிருந்ததைக் கண்டுபிடித்து, கடைக்காரருக்குச் சின்ன விரிவுரையும் நிகழ்த்தினேன். எழுத்துகளையெல்லாம் பார்த்தவன், பதாகையைப் பார்க்கவில்லை.

வெள்ளி பின்னேரம் நீர்வேலிச் சந்தியில் நானே ஏணி வைத்துக் கட்டினேன். நீர்மட்டத்தின் குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை இறங்கவில்லை. அடியிலிருந்த திரையிடல் விபரம் கண்மட்டத்துக்குச் சரியாக இருந்தது. மறுநாள் காலை வியாபாரிகள் அந்த இடத்தில்தான் வாழைக்குலைகளை அடுக்குவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. குலைகள் திரையிடலை மறைத்துவிட்டன. மிஞ்சியது குலேந்திரண்ணையின் முகம், இரண்டு ஆண்டுகள், இரண்டு குத்துவிளக்குகள், என் கவிதை.

சனி காலை எனக்குச் செய்தி ரொறன்ரோவிலிருந்து வந்தது. அபியின் அப்பா, என் அண்ணைதான் தொலைபேசியில்.

"டேய், குலேந்திரன் செத்துப்போட்டானாம்."

"ஆர் சொன்னது?"

"இஞ்சை எல்லாருக்கும் வந்திட்டுது. நெஞ்சுவலியாம். சந்தியிலை பனரே கட்டியாச்சாம். நீ பக்கத்திலை இருந்துகொண்டு என்னட்டைக் கேக்கிறாய்."

மனைவி தேநீரோடு வந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு அழத் தொடங்கினாள். நேற்று முன்தினம் கண்ட மனிதன். எனக்கு ஒரு சீப்பு இதரை வாழைப்பழம் தந்து அனுப்பியவர். (அதை அன்று காலைதான் சாப்பிட்டு முடித்திருந்தேன். குற்றவுணர்ச்சியாகவும் இருந்தது.) இத்தனை துக்கத்துக்கு நடுவிலும், இவ்வளவு கெதியாகப் பதாகை அடித்தவன் யார், எழுத்துப்பிழை பார்த்திருப்பானா என்ற கேள்வி எனக்குள் எழுந்ததை மறைக்கமாட்டேன்.

வெள்ளை வேட்டி கட்டி மோட்டார் சைக்கிளை எடுத்தேன். செத்த மனிதரைப் படம் பார்க்க அழைக்கும் என் பதாகையை முதலில் கழற்றவேண்டும், அதுதான் மரியாதை என்று நினைத்துச் சந்தியில் நிறுத்தினேன். மரணப் பதாகையைத் தேடினேன். இந்தப் பக்கம் இல்லை. அந்தப் பக்கமும் இல்லை. என்னுடையது மட்டும் நேராக நின்றது. அதன் முன்னால் ஒரு வயோதிபர் சைக்கிளை விட்டு இறங்கி, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டார்.

அப்போதுதான் முதல் தடவையாக என் பதாகையைப் பார்த்தேன்.

இரண்டு குலைகளை விலக்கித் திரையிடல் விபரத்தை அந்த வயோதிபருக்குக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, "நாளைக்கு நாலு மணிக்கோ எடுக்கினம்?" என்றார்.

குலேந்திரண்ணையின் வீட்டுக்குப் பறந்தேன். முற்றம் நிறைந்திருந்தது. கதிரைகள் வந்து இறங்கியிருந்தன. இருவர் தறப்பாள் இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். வீடு பூட்டியிருந்தது. அவர் மனைவி மனோன்மணி அக்கா சனிக்கிழமை காலையில் கோயிலுக்குப் போவார் என்பது எனக்குத் தெரியும். சனத்துக்குத் தெரியாது. பிரேதம் இன்னும் ஆஸ்பத்திரியில், அக்காவும் அங்கேதான் என்று தாங்களாகவே முடிவு செய்து காத்திருந்தார்கள். வீட்டுக்குப் பின்னால் வாழைத்தோட்டத்தில் தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரைந்துகொண்டிருந்தது. தோட்டத்துக்கு நீர் மாறிக்கொண்டிருப்பது யார் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

"ஆள் சாகேல்லை" என்றேன்.

பக்கத்திலிருந்த ஒருவர் என் தோளைத் தட்டினார். "அப்பிடித்தான் தம்பி இருக்கும். எனக்கும் நம்பேலாமல்தான் கிடக்கு."

"இல்லை ஐயா, உண்மையாச் சாகேல்லை. பின்னாலை நிக்கிறார்."

"ஓம், ஓம். எங்களோடைதான் நிப்பான். இதிலை இரு, தண்ணி குடி."

தோட்டத்துக்கு ஓடிப்போய் ஆளையே கூட்டிவரலாம் என்று திரும்பினேன். அப்போது ஓட்டோ ஒன்று படலையில் வந்து நின்றது. அன்ரன் அண்ணை இறங்கினார். கையில் மலர்வளையம். பின்னால் அபி, கமராவோடு. அன்று காலை அவரைக் கிற்றாரோடு கடற்கரையில் படம்பிடித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர்களுக்குச் செய்தி போயிருக்கிறது. அபியின் கண் சிவந்திருந்தது. கமரா மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

அன்ரன் அண்ணை படலைக்கு முன்னால் நின்றார். முற்றம் முழுக்க அவரையே பார்த்தது. அவர் சொன்ன சொல் ஊருக்கே தெரியும். பிறகு மெதுவாகக் கொளுக்கியை எடுத்தார். படலையைத் திறந்தார். உள்ளே வந்தார்.

மலர்வளையத்தை வைக்க இடம் தெரியாமல் ஒரு கதிரையில் வைத்துவிட்டு, அதற்கு முன்னால் நிலத்தில் இருந்துவிட்டார்.

"மச்சான்" என்றார் அந்த வெறுங்கதிரையைப் பார்த்து. "உன்ரை கதிரை உன்ரைதானடா. அந்தப் பெட்டி ஒரு நாளும் பிழை விடேல்லை. அதுதானடா பிழை. நீ வேகம் கூட்டினால் நானும் கூட்டுவன். அது கூட்டாது, குறைக்காது. இத்தனை வருசமா ஒரு மணிக்கூட்டோடை பாடுறன். பெட்டியைத் தூக்கிக் கடலிலை எறிஞ்சிட்டன் மச்சான்."

அழாதவர் ஒருவரும் இல்லை. உண்மை தெரிந்த நானும் அழுதேன்.

இயந்திரத்தின் இரைச்சல் அவர் பேசும்போதே நின்றிருந்தது என்பதை அப்போதுதான் கவனித்தேன்.

வீட்டு மூலையால் குலேந்திரண்ணை வந்தார். முழங்கால்வரை சேறு. தோளில் ஒரு குலை. சனத்தைக் கண்டு நின்றார்.

"என்ன இவ்வளவு சனம்? ஆர் செத்தது?"

கடைசியில் என் தோளைத் தட்டியவர்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நீதான்."

"எப்ப?"

"காலமை."

குலேந்திரண்ணை குலையை இறக்கி வைத்தார். கதிரையிலிருந்த மலர்வளையத்தைப் பார்த்தார். அதற்கு முன்னால் நிலத்தில் வாயைப் பிளந்தபடி இருந்த அன்ரன் அண்ணையைப் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அடி. அவர் கேட்டது வேறு.

"பெட்டியை உண்மையாக் கடலிலை எறிஞ்சனியோ?"

அன்ரன் அண்ணை கண்ணைத் துடைத்தார். "இல்லை. எறிவம் எண்டு ஓட்டோவிலை வரேக்கை நினைச்சனான்."

"அதுதானே பாத்தன். செத்தவீட்டிலையும் பொய்."

"நீ மட்டும் என்னவாம்? செத்தது எண்டதே பொய்."

இந்த நேரத்தில் மனோன்மணி அக்கா கோயிலால் வந்து சேர்ந்தார். சந்தியில் பதாகையைப் பார்த்துவிட்டு நேரே வருகிறார். கையில் அர்ச்சனைத் தட்டம், குரல் படலையிலேயே ஆரம்பம்.

"ஆரடா என்ரை தாலியிலை கை வைச்சவன்?"

அவ்வளவு சனமும் என்னை எப்படிக் கண்டுபிடித்தது என்று இன்றுவரை தெரியவில்லை. எல்லோருடைய தலையும் ஒரே நேரத்தில் என் பக்கம் திரும்பியது. என் சட்டைப் பையில் நீர்மட்டம் துருத்திக்கொண்டிருந்தது. பதாகை அவ்வளவு நேராக நின்றதுதான் காட்டிக்கொடுத்ததோ என்னவோ.

"அக்கா, எழுத்துப்பிழை ஒண்டும் இல்லை" என்றேன். (அந்தக் கணத்தில் வேறெதுவும் வரவில்லை.)

அக்கா என்னைத் திட்டிய வசனங்களை அன்றிரவு நாட்குறிப்பில் எழுதப் பார்த்தேன். நாகரிகம் கருதி அரைப்பக்கம் வெறுமையாக விட்டிருக்கிறேன். என்னைக் காப்பாற்றியவர் குலேந்திரண்ணை.

"விடப்பா. படலையைத் திறக்கப் பண்ணினவன் அவன்தானே" என்றார். பிறகு அன்ரன் அண்ணையிடம், "செத்தாத்தான் வருவன் எண்டாய். சாகாமலே வந்திட்டாய். இனி என்ன, எழும்பு. கிற்றார் எங்கை?"

கிற்றார் ஓட்டோவில் இருந்தது. டிரம்ஸ் கொட்டிலுக்குள் உரச்சாக்குகளின் பின்னால் இருந்தது. பேசாத இத்தனை வருடமும் அதன் தோலில் தூசி இல்லை என்பதை எல்லோரும் கண்டோம்.

செத்தவீட்டுத் தறப்பாளின் கீழ், செத்தவீட்டுக் கதிரைகளில் இருந்தபடி நாங்கள் கேட்ட கச்சேரியைப்போல ஒன்றை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை. குலேந்திரண்ணை சேற்றுக்காலோடு பெரிய மேளத்தை மிதித்தார். வேகம் கூட்டினார். அன்ரன் அண்ணையும் கூட்டினார். பந்தயம்போல ஏறிக்கொண்டே போனது. கிற்றாரின் சத்தம் போதாமல் போனபோது, மின்சாரம் தாராளமாக இருந்தும், பெடல் சுற்ற என் கை தானாக எழுந்தது. அர்ச்சனைத் தட்டத்தை மடியில் வைத்துக்கொண்டு மனோன்மணி அக்கா தாளம் போட்டார். என் பக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஞாயிறு திரையிடலுக்கு மண்டபம் கொள்ளாத சனம். செத்தவரைப் பார்க்கவென்று வந்தவர்கள். அபியின் படத்துக்குக் கிடைத்த கடைசிக் காட்சியோ மேடையில் எடுத்ததல்ல, முற்றத்தில் எடுத்தது. பெடல் சுற்றியதைப் பற்றிய என் நேர்காணல் முழுவதையும் வெட்டிவிட்டாள். ஆனாலும் நான் படத்தில் இருக்கிறேன். வெள்ளை வேட்டியோடு, ஒவ்வொருவராகப் பிடித்து "சாகேல்லை, சாகேல்லை" என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். ரொறன்ரோவில் சனம் அதிகம் சிரித்தது அந்த இடத்தில்தானாம்.

எங்கள் குடும்பத்தில் இப்போது எந்த விசேஷத்துக்கும் பதாகை பற்றிய பேச்சு வந்தால், என்னை வேறு அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். குலேந்திரண்ணை தொலைபேசி எடுத்தால் பெயர் சொல்வதில்லை. "பிரேதம் கதைக்கிறன், தம்பி நிக்கிறாரோ?" என்று மனைவியிடம் கேட்பார்.

போன கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்தப் பதாகையைத் துடைத்து, சுருட்டி, டிரம்ஸுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்தார். எறிந்துவிடும்படி கெஞ்சினேன்.

"விசரே உனக்கு?" என்றார். "வடிவான சாமான். ஒரு எழுத்துப்பிழை இல்லை. அந்த நாள் வரேக்கை ஆண்டை மட்டும் மாத்திக் கட்டிவிடு. நேராக் கட்டு, என்ன."